மதகு இல்லாத றோட்டு

‘இசைவாக்கம்’ என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அறுகம்பேயில், குளிரூட்டிய ஹோட்டல் மண்டபம் ஒன்றில். காலநிலை மாற்றத்துக்கு மக்கள் தங்களை எப்படி இசைவாக்கிக்கொள்ளலாம் என்று எங்களுக்கு, அதாவது சனம் ஜி.எஸ். என்று கூப்பிடும் அம்பாறைக் கரையோரத்துக் கிராம உத்தியோகத்தர்களுக்கு, பயிற்சி. வகுப்பெடுத்தவர் நல்ல மனிதர்தான். “நீங்கள் சுனாமியைக் கண்டவர்கள், யுத்தத்தைக் கண்டவர்கள். எதற்கும் பழகிக்கொள்ளும் சக்தி உங்கள் மக்களுக்கு உண்டு” என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று புதிய நியமனக்காரர்களான உங்களிடம் அதே தலைப்பில் கதைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சுற்றுநிருபம், வதிவிடச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பு பற்றியெல்லாம் அலுவலகத்தில் சொல்லித்தருவார்கள். நான் ஒரு றோட்டைப் பற்றிச் சொல்கிறேன். அரசாங்கம் ரிப்பன் வெட்டித் திறந்த றோட்டு. அதை நான் மண் தோண்டுகிற பெக்கோ மெசின் வைத்து வெட்டினேன். இன்றைக்கும் வெட்டுவேன்.

சுனாமி வந்தபோது கல்முனையில் கடலோரப் பிரிவொன்று என் பொறுப்பில் இருந்தது. என்னை அக்கா முறை வைத்து ‘ராத்தா’ என்று கூப்பிடுகிற சபியா அங்கேதான் இருந்தாள். புருசன் கரைவலைத் தொழிலாளி. இரண்டு பிள்ளைகளில் இளையவனைக் கடல் கொண்டுபோனது. வீட்டில் மிஞ்சியது சமைக்கிற குசினியின் சீமெந்துத் தரை மட்டும். அந்தத் தரையில் தறப்பாள் கட்டி இருந்தவளிடம் போய், கடலோரத்தில் இந்த எல்லைக்குள் இனி வீடு கட்ட ஏலாது, இது அரசாங்கக் கட்டளை என்று சொன்னவள் நான்தான். அவள் தறப்பாளை அவிழ்த்து மடித்தாள்.

அவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது? எங்கள் ஊரை நீங்கள் அறிவீர்கள். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு கீற்று நிலம். அதில் சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள். சைக்கிள் ஒன்றைச் சாத்தி வைப்பதென்றாலும் யாரோ ஒருவருடைய வாசலில்தான் சாத்தவேண்டும். ஆகவே எல்லோரும் மேற்கே பார்த்தார்கள். தகரக் கொட்டில்களில் மக்களை நீண்டகாலம் புழுங்க விட்டபிறகு, வயல் வட்டையில் ஒரு துண்டு கிடைத்தது. கிறவல் மண் போட்டு நிரப்பி வீட்டுத்திட்டம் அமைக்கலாம் என்று முடிவானது.

அந்தத் துண்டு பள்ளம். மாரித் தண்ணீர் வடக்கிலிருந்து வந்து, அந்தப் பள்ளத்து வாய்க்காலால் இறங்கி, தெற்கு வயல்களைக் கடந்து ஆற்றில் சேரும். இது ஒரு இரகசியமே இல்லை. அந்தப் பக்கம் மாடு சாய்க்கிறவர்களுக்கும் தெரியும், வெள்ளாமை வெட்டப் போகிற பெண்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூட்டத்தில் எழுந்து கேட்டேன்: “வாய்க்காலை மூடி றோட்டுப் போட்டால் தண்ணீர் எங்கால போகும்?”

வீடு கட்டித்தரும் நிறுவனத்தின் பொறியியலாளர், அது றோட்டுப் போடுகிறவர்களின் விடயம் என்றார். றோட்டுக்குப் பணம் தருவது வேறொரு நிறுவனம். அதன் ஆள், தங்கள் திட்டத்தில் றோட்டு மட்டும்தான் இருக்கிறது, மதகு இல்லை, தண்ணீர் சம்பந்தப்பட்டதை அதற்குரிய பகுதி பார்க்கவேண்டும் என்றார். அதற்குரிய பகுதியிலிருந்து வந்திருந்தவர், தங்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை என்றார். பிறகு தேநீர் வந்தது. றோட்டுக்குக் கீழே ஒரு மதகு, ஒரு ஆள் குனிந்து போகுமளவு ஒரு ஓட்டை. அது யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போனது.

அப்போதைய எங்கள் பிரதேச செயலாளரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லவேண்டும். எனக்கு வேலை பழக்கியவர் அவர். பெண் பிள்ளையை வெள்ளத்துக்கும் சண்டைக்கும் அனுப்பலாமா என்று பலரும் முணுமுணுத்த காலத்தில், “அவவுக்குக் கால் இரிக்கி, வாய் இரிக்கி, மூளையும் இரிக்கி. வேறென்ன வேணும்?” என்று கேட்டவர். “உத்தரவுக்குக் காத்திரிக்கிற உத்தியோகத்தரும் தபால் பெட்டியும் ஒண்டுதான், புள்ள” என்று எனக்குச் சொன்னவரும் அவரே. மதகு விடயத்தில் அவரும் எழுதிப் பார்த்தார், கதைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

வீடுகள் கையளிக்கப்பட்டன. சபியாவுக்கும் ஒன்று கிடைத்தது. அங்கிருந்து கடற்கரைக்கு முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனாலும், வலை வளைத்து முடிந்திருக்கும். கொஞ்ச நாள் சைக்கிளில் போய்ப் பார்த்த அவளுடைய புருசன், பிறகு கடலை விட்டுவிட்டு அரிசி ஆலையில் மூடை தூக்கப் போனார். கண்காணிக்க வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அவரைக் கண்டு, மாற்று வாழ்வாதாரம் என்று மகிழ்ந்து படம் எடுத்துக்கொண்டு போனாள்.

யுத்தம் முடிந்ததும் எங்கு பார்த்தாலும் தார் இழைத்த காபட் றோட்டு. எங்கள் வீட்டுத்திட்ட றோட்டையும் இன்னும் உயர்த்திக் காபட் போட்டார்கள். வெடி கொளுத்தி, ரிப்பன் வெட்டி, கல்வெட்டில் பெயர் பொறித்தார்கள். மதகு அப்போதும் இல்லை. றோட்டு என்று அவர்கள் சொன்னது உண்மையில் ஒரு அணைக்கட்டு. அணைக்கட்டுக்குள்ளே மனிதர்களைக் குடியிருத்தியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாரி. முன்பெல்லாம் எங்கள் மாரி மழை ஆறுதலாகப் பெய்யும். விதைத்தவனுக்கும் கொடுக்கும், கிணற்றுக்கும் கொடுக்கும். இப்போது முழு மாரியின் மழையும் ஒரு கிழமைக்குள் தலையில் கொட்டுகிறது, பிறகு வானம் வெளிறிப்போய் நிற்கிறது. காலநிலை மாறிவிட்டது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். ஓம், மாறித்தான் விட்டது, நான் மறுக்கவில்லை. ஆனால் மூடின வாய்க்காலையும் கட்டாத மதகையும் அந்த மாற்றத்தின் தலையில் கட்டிவிட்டுப் போக நான் யாரையும் விடமாட்டேன்.

மழை விடாமல் பெய்த ஒரு நாள் காலை, வீட்டுத்திட்டத்துக்குப் போனேன். றோட்டில் நின்று வடக்கே பார்த்தால் வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். தெற்கே பார்த்தால் வயலில் வரம்பு தெரிகிறது. ஒரே மழை, ஒரே நிலம், நடுவில் அந்தக் காபட் றோட்டு. உயர்ந்த இடமென்று சனம் எல்லாம் அதன்மேலேதான் பாய் தலையணையோடு நின்றது.

வெட்டவேண்டிய இடம் பழைய வாய்க்கால் இருந்த இடம். அது ஊர்ப்பக்கத்து முனையில் இருந்தது. அங்கே வெட்டினால் தண்ணீர் வடியும். ஆனால் வீட்டுத்திட்டத்திலிருந்து வெளியே வர ஒரேயொரு வழியும் அறுந்துவிடும். அறுந்தபிறகு தண்ணீர் நான் நினைத்தபடி வடியாவிட்டால், உள்ளே நிற்பவர்கள் உள்ளேதான்.

தொலைபேசி எடுத்தேன். ஒரு அலுவலகத்தில், றோட்டு இன்னும் தங்களிடம் முறையாக ஒப்படைக்கப்படவில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில், படகு வரும், பொறுங்கள் என்றார்கள். மூன்றாவது ஆள், “திறப்பு விழாச் செய்த றோட்டு, அதில கை வெச்சா பெரிய பிரச்சின வரும் மிஸ்” என்று எனக்கு நன்மை செய்வதுபோலச் சொன்னார். எங்கள் பிரதேச செயலாளரின் தொலைபேசி அடித்துக்கொண்டேயிருந்தது. திரும்பத் திரும்ப எடுத்தேன். அவர் தூக்கவில்லை.

அந்த நேரம் மோட்டார் சைக்கிளில் என்னுடைய காக்கா வந்து நின்றார். என் கூடப்பிறந்த மூத்தவர். தெற்கு வயல்களுக்கு அவர்தான் வட்டை விதானை. அந்த வட்டையின் தண்ணீருக்கும் வேலிக்கும் பொறுப்பாக விவசாயிகள் தெரிவுசெய்த ஆள்.

“பெக்கோவுக்கு ஆள் அனுப்பினியாம், தங்கச்சி?”

“ஓம் காக்கா.”

“இதால வெட்டினா கீழ அவ்வளவு வெள்ளாமையும் போகும். கதிர் பால் புடிக்கிற நேரம். தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“உள்ளுக்க வந்து பாருங்க காக்கா. புள்ளத் தொட்டில் பாதி தண்ணிக்குள்ள கிடக்கு.”

“வீடு நனைஞ்சா காயும். வெள்ளாம நனைஞ்சா காயுமா?”

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக ஆத்திரம் மூட்டியது. ஏழைக் குடும்பங்களின் வீட்டையும் ஏழை விவசாயிகளின் வயலையும் தராசின் இரண்டு தட்டில் வைத்துவிட்டு, மதகு போடாமல் விட்டவர்கள் எல்லாம் உலர்ந்த உடுப்போடு எங்கோ இருந்தார்கள். நாங்கள் உடன்பிறந்த இரண்டு பேர் மழைக்குள் நின்று ஒருவரையொருவர் கடித்துக் குதறவேண்டியிருந்தது.

நாங்கள் கதைத்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு வீட்டின் பின்சுவர் விழுந்தது. அடியில் போட்ட கிறவலைத் தண்ணீர் அரித்திருந்தது. பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. களைத்த மாடு படுப்பதுபோல மெல்லச் சாய்ந்து தண்ணீருக்குள் படுத்தது. காக்கா அதைப் பார்த்தார். மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் வட்டையிலிருந்து உழவு மெசின்களைக் கொண்டுவந்து, பின்னால் பூட்டிய பெட்டிகளில் கிழவர்களையும் பிள்ளைகளையும் ஏற்றி ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பத் தொடங்கினார். ஆனால் ஒவ்வொரு தடவை என்னைக் கடக்கும்போதும், “வெட்டாத, நான் சம்மதிக்கல்ல” என்று சொல்லிக்கொண்டே போனார்.

பெரும்பாலானோர் போய்விட்டார்கள். சபியாவும் இன்னும் சில குடும்பங்களும் போக மறுத்தார்கள். அவள் வீட்டு மேசையின்மேல் கட்டிலை ஏற்றி, கட்டிலின்மேல் மூத்த மகனையும் தையல் மெசினையும் ஏற்றி வைத்திருந்தாள். புருசன் தண்ணீருக்குள் நின்று மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“வா சபியா, இனிச் சுணங்க ஏலா” என்றேன்.

“கடல் வந்திச்சி, ஓடினம். ஒங்கட கட்டள வந்திச்சி, எழும்பினம். இப்ப வயல் வந்திரிக்கி. இன்னும் எங்க ராத்தா ஓடுற?”

“றோட்டை வெட்டப் போறன். வெட்டினா பிறகு வெளிய வர ஏலா.”

“வெட்டுங்க. அதத்தான் எல்லாரும் கேக்கிறம். வெட்டக்குள்ள நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க? ஊர்ப் பக்கமா, எங்கட பக்கமா?”

பணியில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நிகரான ஒன்றை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை. பெரிய வீரத்தோடு நான் முடிவெடுத்ததாக நினைக்காதீர்கள். என் பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஆனால் தண்ணீர் வடியும் என்று நான் உண்மையாக நம்பினால் உள்ளே நிற்க ஏன் பயப்படவேண்டும்? நம்பாவிட்டால் வெட்டச் சொல்ல எனக்கென்ன உரிமை?

“ஒங்கட பக்கம்” என்றேன்.

பெக்கோ சாரதி பக்கத்துத் தமிழ் ஊர்ப் பெடியன். கையைப் பிசைந்துகொண்டு நின்றான். “அக்கா, அரசாங்க றோட்டு. என்னப் புடிச்சி அடைச்சிருவாங்க.” சந்தியில் காவலுக்கு நின்ற இராணுவத்தார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி நான் உரத்துச் சொன்னேன்: “ஜி.எஸ். நான் சொல்லித்தான் இந்தத் தம்பி வெட்டுறார். கேக்கிறவங்க என்னக் கேளுங்க.” சொல்லிவிட்டு வீட்டுத்திட்டப் பக்கம் நடந்து வந்து நின்றுகொண்டேன். சபியா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

காபட்டை மெசின் பிளந்ததும் முதலில் ஒரு ஓடைபோலத்தான் இறங்கியது. பிறகு இரண்டு கரையையும் தானே இடித்துக்கொண்டு பாய்ந்தது. றோட்டு துண்டு துண்டாகப் பெயர்ந்து வயலுக்குள் போனது. தெற்கே பச்சையாக நின்ற கதிர்கள் ஒருமுறை சாய்ந்தன, பிறகு தெரியவில்லை. அங்காலக் கரையில் காக்கா மோட்டார் சைக்கிளில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார். மறுபடியும் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது வீட்டு முற்றங்களில் சேறு தெரிந்தது. ஒரு உயிரும் போகவில்லை.

இனிக் கேளுங்கள், என் ஆத்திரம் எங்கே தொடங்குகிறது என்று.

அந்த வெள்ளத்தில் பயிர் அழிந்த மற்ற வட்டைகளுக்கெல்லாம் நட்டஈடு கொடுத்தார்கள். எங்கள் தெற்கு வயல்காரர்களுக்கு இல்லை என்றார்கள். காரணம், அது இயற்கை அனர்த்தம் இல்லையாம், ஒரு ஆள் றோட்டை வெட்டியதால் வந்த சேதமாம். கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்து வீடுகள் விழுந்திருந்தால் அது அனர்த்தம். உதவி வந்திருக்கும், தலைவர்கள் வந்திருப்பார்கள். தடுத்ததால் அது குற்றமானது. எனக்கெதிராகப் பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக விசாரணை.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து வந்தவர் நல்ல சீராக உடுத்த மனிதர். “அனுமதி பெற முயற்சித்தீர்களா?” என்று கேட்டார். யாருக்கெல்லாம் எடுத்தேன் என்று சொன்னேன். அந்த ஆட்களில் ஒருவருக்கும் அப்படியொரு அழைப்பு ஞாபகமில்லை. கடைசியாக எங்கள் பிரதேச செயலாளரிடம் கேட்டார்கள். எனக்கு வேலை பழக்கியவர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவ எனக்குக் கோல் எடுத்தா” என்றார். “ஃபோன் எனக்கு முன்னால மேசையிலதான் இருந்தது. அவவின்ட பேரும் தெரிஞ்சது. தூக்கினா ஓம் எண்டு சொல்லவேணும், இல்ல வேணாம் எண்டு சொல்லவேணும். ரெண்டுக்கும் எனக்குத் தைரியம் வரல்ல. அதால தூக்கல்ல.”

விசாரணை அதோடு சப்பென்று முடிந்தது; என்னைக் கண்டித்து விட்டுவிட்டார்கள். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. வெளியே வந்ததும் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. “அந்த நேரம் தூக்கியிருக்கலாம் சேர்” என்று மட்டும் சொன்னேன். ஆனாலும் சொல்கிறேன், அந்த மேசையைச் சுற்றியிருந்த அத்தனை பேரிலும் உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வெட்டிய இடத்தை அடுத்த மாதமே மூடினார்கள். மதகு? இல்லை. திருத்த வேலைக்கான ஒதுக்கீட்டில் புதிய கட்டுமானம் சேராதாம். வாய்க்காலின்மேல் மறுபடியும் காபட் போட்டார்கள்.

அந்த வருச நோன்புப் பெருநாளுக்குக் காக்கா என் வீட்டுக்கு வரவில்லை. நான் போனேன். அவருடைய மனைவி, என் மச்சி, வட்டிலப்பம் தின்னத் தந்தார்; காக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த மாரிக்கு முன் ஒருநாள் அவரே வந்தார். கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்: “வாய்க்கால் போன தடத்தில இனி விதைக்கிறல்ல எண்டு வட்டைக்காரர் முடிவெடுத்திரிக்கம். தண்ணி வந்தா வெட்டி விடுவம். நாங்களே வெட்டுவம், நீ வராத.” அப்படித்தான் நடந்தது. வீட்டுத்திட்டக்காரரும் வயல்காரரும் சேர்ந்து மாரிக்கு மாரி றோட்டை வெட்டினார்கள், மழை விட்டபின் கல்லும் மண்ணும் போட்டு மூடினார்கள். யாரும் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

மனிதனால் இந்த மாற்றங்களுக்குத் தன்னை இசைவாக்க ஏலுமா என்று உங்கள் பயிற்சிப் புத்தகம் கேட்கிறது. ஏலும், என் கண்ணால் கண்டேன். ஆனால் அந்தத் தடத்தை விதைக்காமல் விட்டபோது குத்தகைக்குச் செய்துகொண்டிருந்த மூன்று குடும்பங்களுக்கு வயல் இல்லாமல் போனது. ஒருவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார், மற்ற இருவரும் கூலிக்குப் போனார்கள். அவர்களும் இசைவாகிவிட்டார்கள் என்று யாராவது எழுதுவார்கள். பழகிக்கொள்கிறவன் எப்போதும் கீழே இருக்கிறவன்தான். மேலே இருக்கிறவன் பழகவேண்டிய அவசியம் இன்னும் வரவில்லை. அதனால்தான் அவனுக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடித்திருக்கிறது.

சபியா வீட்டுத்திட்டத்தில் நிற்கவில்லை. வீட்டை ஒருவருக்குக் கொடுத்துவிட்டுக் கடற்கரைக்கே திரும்பிவிட்டாள். பழைய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தகரமும் பலகையுமாக ஒரு வீடு. புருசன் மறுபடியும் வலைக்குப் போகிறார். இப்போது கடல் அந்தக் கரையையும் அரிக்கிறது. போன மாதம் போயிருந்தேன். முன்பு சனம் வலை காயப்போட்ட மணல்வெளி இப்போது இல்லை. தென்னைகள் வேரோடு தண்ணீருக்குள் கிடக்கின்றன.

“புதுசா வந்த ஜி.எஸ். தம்பி வந்தாரு, ராத்தா” என்றாள். “எழும்பவேணுமாம். நல்ல புள்ள, முகம் வாடிப்போய் நிண்டாரு, பிளேன்டீ ஊத்திக் குடுத்தன். எங்க போற எண்டு கேட்டன். மேலிடத்தில சொல்லுவாங்க எண்டாரு.”

அந்தத் தம்பி இந்த மண்டபத்தில் இருக்கிறார். தலையைக் குனியவேண்டாம் தம்பி, நானும் இப்படித்தான் ஒருநாள் அவள் முன்னால் நின்றேன். மேலிடத்தில் அந்தப் பதில் இல்லை. என் சேவைக்காலம் முழுக்க அங்கே கேட்டுப் பார்த்துவிட்டேன். அவளுக்கென்று ஒரு காணியைக் காட்டுவார்கள், வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கும். கையெழுத்து வைக்க முதல், மழை கொட்டுகிற ஒரு நாளாகப் பார்த்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தக் காணியின் நடுவில் போய் நில்லுங்கள். தண்ணீர் உங்கள் காலுக்கு எந்தப் பக்கத்தால் வருகிறது, எந்தப் பக்கத்தால் போகிறது என்று பாருங்கள். போக வழியில்லாவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள்.